சேர்ந்தார்கள், கொடுக்கவில்லை: சேலத்து ரத்ததான வாட்ஸ்அப் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஜி.எச். என்று சேலத்தில் எல்லோரும் சொல்லும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாவட்டம் தாண்டியும் நோயாளிகள் வருகிறார்கள். தர்மபுரி, நாமக்கல் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஊருக்குள் ஆள் பழக்கம் இருக்காது. "ரெண்டு யூனிட் ஏற்பாடு பண்ணிக்குங்க" என்று வார்டில் சொன்னதும் அவர்கள் கேட்டு அலைவது ஒரு போன் நம்பர். அந்த நம்பருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். சம்பளம் இல்லை, அலுவலகம் இல்லை, பதிவு இல்லை. நாலைந்து அட்மின்களின் தூக்கத்தில்தான் அது ஓடுகிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் குழு ஒரு மாதிரி. இப்படிப்பட்ட குழுக்களில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரே குழுவில் நடந்ததாகக் கோத்திருக்கிறோம். குழுவைப் பற்றிய எண்ணிக்கைகளும் கணக்கு புரிவதற்காக வைத்தவையே. ரத்ததான விதிகளும் ஆய்வு முடிவுகளும் அப்படியல்ல, அவை உள்ளது உள்ளபடி.

குழுவில் 236 பேர். அட்மின்கள் நாலு பேர். இதற்குள் 14 பேர் கொண்ட இன்னொரு குழு உண்டு, அதற்குப் பெயர் 'கோர் டீம்'. பெரிய குழுவில் இருக்கும் முக்கால்வாசிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அட்மின்கள் கொண்டுவந்த கேள்வி இது: "ஆள் சேந்துகிட்டேதான் இருக்காங்க. ஆனா ராத்திரி கூப்பிட்டா அதே 14 பேர்தான். ஏன்?"

ஒரு கோரிக்கை போகும் வழி

இரவு 9.40. குழுவில் ஒரு செய்தி விழுகிறது: "அவசரம். ஏ பாசிட்டிவ் 2 யூனிட். ஜி.எச். நாளை காலை ஆபரேஷன்." கீழே ஒரு செல்போன் எண்.

9.44. மூன்று வாரம் முன்பு சேர்ந்த, கருப்பூர் பக்கம் படிக்கும் மாணவர் எழுதுகிறார்: "அண்ணா, நான் ஓ பாசிட்டிவ். வரலாமா?" பதில் இல்லை.

9.51. அம்மாபேட்டையில் தறி ஓட்டும் ஒருவர் வாய்ஸ் மெசேஜ் போடுகிறார். எப்போது வர வேண்டும், எந்த வாசலில் வர வேண்டும், சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று கேட்கிறார். அதற்கும் பதில் இல்லை.

10.20. மூத்தவர் ஒருவர்: "குளோஸ்டு. தேங்க்ஸ் மாம்ஸ்." எந்த மாம்ஸ், யார் கொடுத்தது, கேட்டவருக்குக் கிடைத்ததா என்பதெல்லாம் குழுவுக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். பெரிய குழுவில் செய்தி விழுந்த அடுத்த நிமிடமே அட்மின் அதைக் கோர் டீமுக்கு அனுப்பிவிட்டார். சேலத்தின் குகைப் பகுதியிலிருந்து ஒருவரும் ஐந்து ரோடு பகுதியிலிருந்து ஒருவரும் "நான் போறேன்" என்றார்கள். வேலை முடிந்தது. நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் இதில் ஒரு குறையும் இல்லை, நாற்பது நிமிடத்தில் ஆள் கிடைத்துவிட்டது. அதனால்தான் இந்தக் கோளாறு வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படுவதில்லை.

மாணவரின் கேள்வியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். ஏ பாசிட்டிவ் கேட்ட இடத்தில் ஓ பாசிட்டிவ்காரர் வரலாமா? பெரும்பாலும் வரலாம். நோயாளிக்கு வேண்டிய வகை ரத்த வங்கியில் இருந்தால் அதிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வெளியிலிருந்து கேட்பது குறைந்த இருப்பை நிரப்புவதற்கான மாற்று ரத்தம், அது எந்த வகையாகவும் இருக்கலாம். 2002ஆம் ஆண்டின் தேசிய ரத்தக் கொள்கை இந்த மாற்று முறையையே படிப்படியாக விடச் சொல்கிறது. நடைமுறையில் அது இன்னும் போகவில்லை. கோர் டீமின் 14 பேருக்கும் இது அத்துப்படி, யாரும் வகை பார்த்துத் தயங்குவதில்லை. புதியவர்களோ தங்கள் வகை வரும்வரை காத்திருக்கிறார்கள். குழு விதிகளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இருப்பவர்களுக்குத் தெரிந்திருப்பதால் யாருக்கும் எழுதி வைக்கத் தோன்றவில்லை.

மாணவர் அதற்குப் பிறகு எழுதவில்லை. நாற்பது நாள் கழித்துக் குழுவிலிருந்து விலகிவிட்டார். 2022 முதல் வாட்ஸ்அப் குழுவை விட்டு ஒருவர் விலகினால் அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். 236 பேரில் 232 பேருக்கு அவர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

தொண்ணூறு நாள் கணக்கு

புதியவரை மதிக்காத சினிமா ரசிகர் குழுவோ பழைய மாணவர் குழுவோ பல வருடம் ஓடலாம். ரத்ததானக் குழு ஓடாது. ஆண் ஒருவர் ஒருமுறை முழு ரத்தம் கொடுத்தால் அடுத்த 90 நாளைக்குக் கொடுக்க முடியாது, பெண் என்றால் 120 நாள். எவ்வளவு மனசு வைத்தாலும் ஓர் ஆணால் வருடத்துக்கு நாலு தடவைதான் முடியும்.

14 பேரும் ஆண்கள், ஒருமுறைகூடத் தவறாமல் கொடுக்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 56 யூனிட். குழுவுக்கு வாரத்துக்கு 5 யூனிட் கோரிக்கை வருகிறது என்றால் வருடத்துக்கு 260. அதற்குக் குறைந்தது 65 பேர் வேண்டும், அதுவும் யாருக்கும் காய்ச்சலோ வெளியூர் வேலையோ வராமல் இருந்தால். வருடத்துக்கு இரண்டு முறை கொடுப்பவர்களை வைத்து நிதானமாகக் கணக்குப் போட்டால் 130 பேர். மீதி யூனிட்டுகளுக்குக் கோர் டீம் என்ன செய்கிறது? தம்பி, மச்சான், கம்பெனியில் வேலை செய்பவர் என்று சொந்தத் தொடர்புகளைக் கெஞ்சிக் கூட்டி வருகிறது. அந்தச் சோர்வில்தான் புதியவர்களிடம் எரிச்சல் வருகிறது. ஆள் பற்றாக்குறை எரிச்சலாக மாறி, அந்த எரிச்சலே ஆளை இன்னும் குறைக்கிறது.

அரிய வகைகளில் இழப்பு இன்னும் பெரிது. நம் நாட்டில் ஆர்.ஹெச். நெகட்டிவ் உள்ளவர்கள் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேர். 236 பேரில் பன்னிரண்டு பேர் தேறுவார்கள், அவர்களும் ஏ, பி, ஓ, ஏபி என்று பிரிந்து கிடப்பார்கள். பதில் கிடைக்காமல் விலகிய ஒருவர் பி நெகட்டிவாக இருந்தால், குழு இழந்தது அந்த வகையில் கால்வாசியாக இருக்கலாம்.

வாசல் எங்கெங்கே அடைபட்டது

குழுவில் 60 நாள் செய்திகளைத் தேதிவாரியாக எடுத்துப் பார்த்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழுவும் இதைச் செய்யலாம். வாட்ஸ்அப்பில் கடந்த 60 நாளில் விலகியவர்களின் பட்டியலை உறுப்பினர் பட்டியலின் அடியில் பார்க்க முடியும். அதோடு சேர்ந்தவர் பட்டியலை ஒப்பிட்டு, ஒவ்வொருவரின் முதல் செய்தியையும் தேட வேண்டும். அதற்கு யாராவது பதில் போட்டார்களா, எவ்வளவு நேரத்தில் என்று குறித்துக்கொண்டே போனால் ஒரு ஞாயிறு மதியம் போதும். நம் மாதிரிக் குழுவில் சேர்ந்தவர்கள் 31. ஒரு வார்த்தையாவது எழுதியவர்கள் 22. பதில் கிடைத்தது 8 பேருக்கு. ரத்தம் கொடுத்தவர்கள் 3 பேர், அந்த மூவருமே பதில் கிடைத்த எட்டுப் பேருக்குள் இருந்தார்கள்.

பதில் என்பது இவ்வளவு பெரிய விஷயமா என்று அட்மின்கள் கேட்பார்கள். இணையக் குழுக்களை ஆராய்ந்தவர்கள் முதலில் கண்டுகொண்டவற்றில் இதுவும் ஒன்று: முதல் செய்திக்குப் பதில் கிடைத்தவர் மறுபடி எழுதும் வாய்ப்பு அதிகம். கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் 2000ஆம் ஆண்டையொட்டிச் செய்த கணினிப் பந்து விளையாட்டுச் சோதனைகள் இன்னும் கூர்மையானவை. திரையில் மூன்று பேர் பந்து போட்டு விளையாடுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்கிறார்கள். முகம் தெரியாத அந்நியர்கள்தான், இழப்பதற்கும் ஒன்றுமில்லை. அப்படியும் ஒதுக்கப்பட்டவருக்குத் தன்மதிப்பும் ஒட்டுறவும் சட்டென்று இறங்குகின்றன. விளையாடுவது வெறும் கணினி நிரல் என்று சொன்ன பிறகும் வலித்தது. "நாங்க யாரையும் ஒதுக்கலையே, பிசியா இருந்தோம்" என்று கோர் டீம் சொல்வது உண்மைதான். காத்திருக்கும் புதியவருக்கு அந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை.

அடுத்தது எல்லோர் முன்னாலும் திட்டுவது. புதியவர் ஒருவர் வேறெங்கோ கிடைத்த கோரிக்கையைக் குழுவில் ஃபார்வர்டு செய்தார். அது நாலு மாதப் பழசு. "தேதி பாக்காம ஃபார்வர்டு பண்றவங்க தயவுசெஞ்சு வெளிய போயிடுங்க" என்று அட்மின் எழுதினார், கீழே ஒன்பது கட்டைவிரல்கள். அந்தப் பழைய செய்தியைத் திறந்து பார்த்தால் அது இதே குழு நாலு மாதம் முன்பு வெளியிட்டது. "நாளை காலை ஆபரேஷன்" என்று இருக்கிறதே தவிர எந்தத் தேதி என்று இல்லை. குழுவின் சொந்தப் படிவத்தில் இருந்த ஓட்டைக்குப் புதியவர் அடி வாங்கினார்.

மலைக்காரர்களின் கதை வேறு மாதிரி. ஏற்காட்டிலிருந்தும் நாகலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்தும் எட்டு இளைஞர்கள் சேர்ந்திருந்தார்கள். காபித் தோட்ட வேலை, தங்கும் விடுதி வேலை. ஒவ்வொரு முறை கை தூக்கும்போதும் வந்த பதில்: "நீ மலைல இருந்து எறங்கி வர்றதுக்குள்ள முடிஞ்சிரும் தம்பி." அக்கறையான பேச்சுதான், இரவு அவசரத்துக்கு அது நியாயமும்கூட. ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. கடைசி பஸ் போய்விட்டால் பைக்தான். ரத்தம் கொடுத்த கையோடு ராத்திரியில் அந்த மலைப்பாதையில் பைக் ஏறுவதை யாரும் அனுமதிக்கவே கூடாது. ஆனால் வருகிற கோரிக்கை எல்லாம் இரவு அவசரம் இல்லை. திட்டமிட்ட அறுவை சிகிச்சை, டயாலிசிஸ், தலசீமியா என்ற ரத்த நோய் உள்ள குழந்தைக்கு மாதம்தோறும் ஏற்றுவது போன்றவை நாள் குறித்து வருபவை. அவற்றையும் கோர் டீம் பழக்கத்தால் அவசரம் போலவே இரவில் அறிவித்துக்கொண்டிருந்தது. எட்டுப் பேரும் இன்னும் குழுவில்தான் இருக்கிறார்கள், ஆனால் அறிவிப்பை மியூட்டில் போட்டுவிட்டார்கள்.

பெண்கள் விஷயத்தில் குழு பேசாமலே இருந்தது. ரத்தம் கொடுப்பவருக்கு 100 மி.லி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 கிராம் வேண்டும். வந்து, விரல் குத்திப் பார்த்து, 11.8 என்று திருப்பி அனுப்பப்பட்ட மாணவி ஒருவர், "முடியலைங்க அக்கா, திருப்பி அனுப்பிட்டாங்க" என்று எழுதினார். யாரும் எதுவும் சொல்லவில்லை. முதல் முறையே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி வருவது குறைவு என்பது ரத்ததானத் துறையில் நன்றாகத் தெரிந்த விஷயம். அந்த இடத்தில் ஒரு வரி பதில் மற்ற எந்த இடத்தையும்விட அதிகம் வேலை செய்யும்.

மூத்தவர்களின் பயத்தில் நியாயம் உண்டு

கோர் டீமைக் குற்றவாளியாக்கினால் எதுவும் சரியாகாது. உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பைத் தொடர்ந்து 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டது. அப்படியும் நோயாளியின் உறவினரிடம் "போக்குவரத்துச் செலவு" என்று பணம் கறக்கும் ஆட்கள் குழுக்களுக்குள் நுழையப் பார்க்கிறார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு போனை அணைத்துவிடும் புதியவர்களும் உண்டு. அப்படி ஒரு ராத்திரி, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும் உறவினருக்குப் பதில் சொல்லியவருக்கு அடுத்த முறை தெரிந்த ஆளை மட்டும் கூப்பிடத்தான் தோன்றும்.

அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆங்கில விக்கிப்பீடியாவே சான்று. 2007இல் உச்சத்தைத் தொட்ட அதன் தொகுப்பாளர் எண்ணிக்கை பிறகு சரிந்தது. ஏரன் ஹாஃப்ஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட முடிவு இது: நல்லெண்ணத்தோடு வரும் புதியவர்களின் தரம் குறையவில்லை. விஷமிகளைத் தடுக்கக் கொண்டுவந்த கருவிகளும் விதிகளும் அவர்களையும் சேர்த்துத் தள்ளின. தள்ளப்பட்டவர்கள் தங்கவில்லை. காவலுக்குப் போட்ட வேலி விருந்தாளியையும் தடுத்தது. ஒரு நல்ல மாற்றாக, புதியவர்கள் கூச்சமில்லாமல் கேள்வி கேட்க 2012இல் அங்கே தனி இடம் ஒன்று திறக்கப்பட்டது.

கோர் டீம் பற்றியும் ஒரு வார்த்தை. தலைவர் கிடையாது, எல்லோரும் சமம் என்று சொல்லிக்கொள்ளும் குழுவில்தான் நட்பு வட்டம் சத்தமில்லாமல் அதிகாரமாகிறது என்று அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்தில், பெண்கள் இயக்கத்துக்குள் இருந்தபடியே எழுதினார். உள்வட்டம் இருப்பதில் தப்பில்லை. அது ஒளிந்திருப்பதும் அதற்குள் போக வழி இல்லாததும்தான் தப்பு.

என்னென்ன மாற்றினால் போதும்

முதலில் படிவம். கோரிக்கையில் எட்டு விவரம்: தேதி, ரத்த வகை, எத்தனை யூனிட், முழு ரத்தமா பிளேட்லெட்டா (ரத்தத் தட்டணு), அதே வகைதான் வேண்டுமா எந்த வகையும் சரியா, மருத்துவமனையும் வார்டும், எத்தனை மணிக்குள், உடனிருப்பவர் எண். நோயின் பெயர் வேண்டாம், நோயாளியின் படம் வேண்டவே வேண்டாம். இதில் ஐந்தாவது விவரம்தான் புதியவர்களுக்குக் கதவைத் திறக்கிறது. உடனிருப்பவருக்குப் பெரும்பாலும் அது தெரியாது, ஆகவே அட்மின் ரத்த வங்கிக்கே போன் போட்டுக் கேட்டு எழுத வேண்டும்.

அடுத்தது 'வாசல் பொறுப்பு'. வாரத்துக்கு ஒருவர், சுழற்சி முறையில். அவருக்கு ரத்தம் ஏற்பாடு செய்யும் வேலை அந்த வாரம் கிடையாது. புதிதாகச் சேர்ந்தவருக்குத் தனிச் செய்தியில் ஐந்து கேள்வி: வகை, வயது, எடை, கடைசியாகக் கொடுத்த தேதி, எந்த ஏரியா. வயது 18 முதல் 65, முதல் முறை என்றால் 60க்குள். எடை குறைந்தது 45 கிலோ; அதற்கு 350 மி.லி. எடுப்பார்கள், 55க்கு மேல் இருந்தால் 450 எடுக்கலாம். கடைசிக் கேள்வியாக "பகல்ல வர முடியுமா, ராத்திரியா" என்பதையும் சேர்த்தால் மலைக்காரர்களும் ஷிப்ட் ஆட்களும் தாமாகவே சரியான பட்டியலுக்குள் வந்துவிடுவார்கள். ராத்திரி முழுக்கத் தறி ஓட்டிவிட்டுத் தூங்காமல் வருபவரைக் காலையில் கூப்பிடக் கூடாது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

குழுவில் "யாராவது இருக்கீங்களா" என்று கேட்பதை நிறுத்த வேண்டும். 200 பேர் படிக்கும் இடத்தில் அந்தக் கேள்வி யாருக்கும் உரியதல்ல. பட்டியலைப் பார்த்து ஒரு பழையவர், ஒரு புதியவர் என்று இரண்டு பேரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். முதல் முறை கொடுப்பவரோடு பழையவர் ரத்த வங்கிவரை கூடப் போக வேண்டும். எந்த வாசல், எந்தப் படிவம், வெறும் வயிற்றில் வரக்கூடாது, கொடுத்த பிறகு ஜூஸ் குடித்து உட்கார வேண்டும், ஊசி குத்திய இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் சொன்னால் நிற்காது. ஒரு முறை கூடப் போனால் அந்த ஆள் அடுத்த முறை தனியாகப் போவார், மூன்றாம் முறை இன்னொருவரைக் கூட்டிப் போவார்.

முடித்து வைக்கும் செய்தியிலும் மாற்றம் வேண்டும். "குளோஸ்டு" போதாது. "ரெண்டு யூனிட்டும் கிடைச்சுது. கை தூக்கின மத்த மூணு பேரும் நாளைக்கு வர்ற தலசீமியா கோரிக்கைக்கு முதல் வரிசைல இருக்காங்க" என்று எழுதினால், கூப்பிடப்படாதவருக்கும் தன் கை கணக்கில் ஏறியது தெரியும். தவறைத் திருத்துவதெல்லாம் தனிச் செய்தியில்தான்.

கோர் டீம் இருக்கட்டும். ஆனால் அது இருப்பதைப் பெரிய குழுவில் அறிவிக்க வேண்டும். இரண்டு முறை கொடுத்து, ஒருமுறை புதியவரோடு துணை போனவர் உள்ளே வரலாம் என்று வாசல் வைக்க வேண்டும். இந்த விதிகளைக் குழுவின் உச்சியிலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்து வைப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் அந்தப் 'பின்' அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும் என்பதால் மாதத்தின் முதல் தேதியில் மறுபடி போட்டுவிட வேண்டும்.

மாற்றிய பிறகு கெட்டுப்போனவை

முதல் மாதத்தில் எல்லாம் நன்றாகவே போகும். அதன்பின் மூன்று இடத்தில் இடறும்.

வரவேற்புச் செய்தி காப்பி-பேஸ்ட் ஆகிவிடும். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னவருக்கு மறுபதில் போகாது. இது பழைய மௌனத்தைவிட மோசம், ஏனென்றால் இந்த முறை அவர் தன் எடை வரைக்கும் சொல்லியிருக்கிறார். பதில் வந்த அன்றே "பதிஞ்சாச்சுங்க, உங்க வகைக்கு மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு கோரிக்கை வரும்" என்று மனிதர் எழுதிய ஒரு வரி போக வேண்டும்.

வாசல் பொறுப்பு ஒரே ஆளின் தலையில் விழும், அதுவும் பெரும்பாலும் குழுவில் இருக்கும் ஒரு பெண்ணின் தலையில். "அக்கா நல்லாப் பேசுவாங்க" என்று சொல்லி மற்றவர்கள் சுழற்சியிலிருந்து நழுவுவார்கள். பெயர்ப் பட்டியலை மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே போட்டு, மாற்றுபவரே தன் பதிலாளைத் தேட வேண்டும் என்று வைத்தால் இது குறையும்.

மூன்றாவது, மூத்தவர்களின் மனக்குறை. ஆறு வருடம் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடியவர், நேற்று சேர்ந்தவருக்குக் கிடைக்கும் பாராட்டைப் பார்த்து ஒதுங்குவார். அவருடைய இடத்தைப் பிடுங்கியதாகத் தோன்றவிடக் கூடாது. பழகிய வேலையை எடுத்துவிட்டால் கனமான இன்னொரு வேலையைக் கொடுக்க வேண்டும்.

அந்தக் கனமான வேலை பிளேட்லெட் பட்டியல். வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு கூடும் மாதங்களில் கோரிக்கைகள் முழு ரத்தத்திலிருந்து எஸ்.டி.பி. (ஒரே ஆளிடமிருந்து இயந்திரத்தில் பிரித்தெடுக்கும் பிளேட்லெட்) பக்கம் சாயும். பிளேட்லெட் ஐந்து நாள்தான் இருக்கும், முன்கூட்டிச் சேமிக்க முடியாது. கொடுப்பவருக்கு 50 கிலோவுக்கு மேல் எடை வேண்டும், கையில் நல்ல நரம்பு வேண்டும், இயந்திரத்தோடு ஒன்றரை மணி நேரம்வரை உட்காரப் பொறுமை வேண்டும். 48 மணி நேர இடைவெளி விட்டு மறுபடி கொடுக்கலாம் என்பதால் 90 நாள் கணக்கு இதற்குப் பொருந்தாது. இந்தப் பட்டியலில் புதியவரை நேரடியாகச் சேர்க்கக் கூடாது. ஒருமுறையாவது முழு ரத்தம் கொடுத்து மயக்கம் வராதவரை மட்டும், அவருக்கு நரம்பு எப்படி என்று ரத்த வங்கி டெக்னீஷியனிடம் கேட்டுவிட்டு எழுத வேண்டும். அதை யாரிடம் எப்படிக் கேட்பது என்று தெரிந்தவர்கள் அந்த 14 பேர்தான். ஆகஸ்ட் மாதத்துக்குள் ஆளுக்கு மூன்று பெயர் என்று பிரித்துக்கொண்டால் மழைக்கு முன்னால் 42 பேர் தயார்.